மழை பெய்தால் நிற்கும் வண்டி

எனக்குப் பயம் வந்தால் கோபம் வரும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் என் கோபம் தெரியும், பயம் தெரியாது. அக்கா ஒருத்திக்குத்தான் இரண்டும் தெரியும். நான் குரலை உயர்த்த ஆரம்பித்ததும், "எதுக்குடி இப்ப பயப்படுற?" என்று அமைதியாகக் கேட்பாள். வேன் நின்றுபோன அந்த வாரம் முழுக்க நான் எல்லோரிடமும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒரு வாரம் மட்டும் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவளுக்கே அவ்வளவு பயம் இருந்திருக்கிறது.

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். எஞ்சினைப் பிரித்துப் போடும் வேலை இல்லை. வண்டிக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசாமல் போனால் ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிப்பது என் வேலை. பதினெட்டு வருடமாகிறது. இன்னும் புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து மெக்கானிக் எங்கே என்று கேட்பார்கள். அவர் செத்துப்போய்விட்டார், என்ன விஷயம் சொல்லுங்கள் என்று ஒருமுறை சொல்லி, தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்காவும் அத்தானும் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறார்கள். அத்தானிடம் பதின்மூன்று பேர் உட்காரும் வேன் ஒன்று உண்டு. காலையில் அக்கம்பக்கத்து அடுக்குமாடி புளோக்குகளிலிருந்து பதினோரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கும் ஒரு பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார்கள். எல்லாம் நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள். அத்தான் ஓட்டுவார், அக்கா கூடவே போய் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பெல்ட் போட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துவிடுவாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பதினொன்றையும் பற்றி அக்கா பேசுவதைக் கேட்டால் எல்லாம் அவள் பெற்றவை என்றுதான் தோன்றும்.

போன வருடம் அத்தானுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். சில மாதம் வீட்டில் இருந்தார். பிறகு டாக்டர் பரிசோதித்து ஓட்டலாம் என்று சொன்ன மறுநாளே வேனைத் துடைக்கப் போய்விட்டார். அவர் பிழைத்து வந்தால் மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக அக்கா முருகனிடம் வேண்டியிருந்தாள். இந்தத் தைப்பூசத்துக்கு முதல் குடம் எடுத்தாள். எனக்கு அன்று வேலை, நான் போகவில்லை. டேங்க் ரோடு முருகன் கோயிலில் பால் ஊற்றி முடித்து, டோபி காட் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து அத்தான் வேனை என்னிடம் கொண்டுவந்தார். அன்று காலை ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரேயடியாக எரிந்து, மீட்டர் முள் எல்லாம் கீழே விழுந்து, நாலைந்து வினாடியில் தானாகவே சரியாகிவிட்டதாம். அக்காவும் கூட வந்திருந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, ஒன்றுமில்லைதானே, ஒன்றுமில்லைதானே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வண்டி பதிந்து வைத்திருக்கும் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். பதினான்கு புகார்கள் வரிசையாக வந்தன. இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு வேனுக்குள் எஞ்சினுக்கு ஒரு பெட்டி, கியருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு, விளக்குக்கு, கதவுக்கு என்று பல சின்னக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மாடியூல் என்போம். எல்லாம் சேர்ந்து முறுக்கிய இரண்டே இரண்டு ஒயரில் பேசிக்கொள்கின்றன. ஒரே குடும்பக் குழுவில் எல்லோரும் செய்தி போடுகிற மாதிரி. யாராவது பேசுவதை நிறுத்தினால் மற்றவை உடனே எழுதி வைத்துக்கொள்ளும்: எஞ்சின் பேசவில்லை, கியர் பேசவில்லை, பிரேக் பேசவில்லை. எது எப்போது நின்றது, அந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது என்றெல்லாம் குறிப்பு இருக்கும். நிதானமாக உட்கார்ந்து படித்தால் எந்த இடத்தில் கோளாறு என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

நான் படிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு முன்னால் ஐந்து வண்டி நின்றது. அக்கா வேறு காதருகே. பேட்டரியைச் சோதித்தேன், பழசு, பலவீனமாக இருந்தது. பலவீனமான பேட்டரி இப்படிப் பதினான்கு புகாரைக் கிளப்பும், நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பேட்டரியை மாற்றி, புகார் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அழித்துவிட்டு, ஒன்றுமில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் அவரை நிற்க வைத்துத் திட்டியிருப்பேன். படிக்காமல் அழிப்பது இந்த வேலையில் செய்யக்கூடாத முதல் காரியம். அக்காவின் முகம் தெளிய வேண்டும் என்பதற்காக அதைச் செய்தேன். அவள் முகம் தெளியவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. விடிந்தும் விடியாமலும் கொட்டிக்கொண்டிருந்தது மழை. பிடோக்கில் என் புளோக்கின் கீழே குடையை விரித்துக்கொண்டிருந்தேன், அக்கா அழைத்தாள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் ஒருநாளும் அழைக்க மாட்டாள்.

"வண்டி நின்னுருச்சு," என்றாள். குரலை மிகவும் தணித்துப் பேசினாள். "பிகேஇ எக்ஸ்பிரஸ்வே மேல இருக்கோம். பாதி ஓரத்துல ஏறிருச்சு, வால் இன்னும் ரோட்டுலதான் இருக்கு."

விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். எதுவும் எரியவில்லை என்றாள். இரண்டு பக்கமும் மின்னும் எச்சரிக்கை விளக்கு? அதுவும் இல்லை. அத்தான் ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்க்கிறார், கல் மாதிரி இருக்கிறதாம். பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டே கடந்து போனது எனக்கே கேட்டது. மழையில், விளக்கில்லாத சாம்பல் நிற வேன், பின்பகுதி சாலையில். உள்ளே பதினோரு பிள்ளைகள்.

"எறக்கிரவா?" என்று அக்கா கேட்டாள்.

பதினோரு சின்னப் பிள்ளைகளை, மழையில், விரைவுச்சாலையில், இரண்டே பேர் இறக்க வேண்டும். ஒன்று கையை உதறிக்கொண்டு ஓடினால் போதும். இறக்காமல் விட்டு, பின்னால் வருகிறவன் பார்க்கவில்லை என்றால்? புளோக்கின் தூணைப் பிடித்துக்கொண்டேன். இறக்காதே என்று சொன்னேன். அத்தானிடம் சாவியை முழுக்க வெளியே எடுக்கச் சொல், முப்பது வரை எண்ணிவிட்டுத் திரும்பப் போடச் சொல் என்றேன். அந்தப் பெட்டிகள் எல்லாம் ஒருமுறை தூங்கி எழுந்தால் சில சமயம் மறுபடியும் பேச ஆரம்பிக்கும். சில சமயம்தான்.

அக்கா சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவளோடு சேர்ந்துகொண்டன. இங்கிலீஷில், பள்ளிக்கூட ராகத்தில், பதினோரு குரல். இருபதுக்கு மேல் சிலதுக்கு எண் தெரியாமல் இடறியது. நான் இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அந்த எண்ணிக்கையின் நடுவே ஒரு பெரிய சத்தம் கேட்கும், பிறகு ஒன்றும் கேட்காது என்று நிச்சயமாக நினைத்தேன். முதல் தடவை வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை கிளம்பியது. பிள்ளைகள் கைதட்டின.

நான் சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை இழுவை வண்டியில் ஏற்றி என்னிடம் அனுப்பினார்கள். பள்ளி நிர்வாகம் அத்தானை அழைத்து, வண்டி பாதுகாப்பானது என்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து கையெழுத்துப் போட்ட கடிதம் வராமல் ஒரு பிள்ளையையும் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. நியாயம்தான். அந்தக் கையெழுத்து என்னுடையது. வெள்ளிக்கிழமைக்குள் போட வேண்டும். அதுவரை வேறொரு வேன் பிள்ளைகளை ஏற்றும்.

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சோதித்தேன். இந்தத் தடவை புகார்களை வரி வரியாகப் படித்து எழுதிக்கொண்டேன். எல்லாம் அடுத்தவனைத்தான் குறை சொல்லின. அதிகமாகப் புகார் வாங்கியது எஞ்சின் மாடியூல். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே அளந்தேன். மின்தடை அறுபது ஓம் வர வேண்டும், அறுபதே வந்தது. ஒயரில் ஓடுவதைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தேன். ஒரு கோடு மேலே ஏற, இன்னொரு கோடு கீழே இறங்க, பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே அலை அலையாக ஓடியது. வேனை ஓட்டிப் பார்த்தேன், பக்கத்திலிருக்கும் உபி வட்டாரம் வழியாக மூன்று சுற்று. எதுவும் நடக்கவில்லை. நன்றாக இருக்கிற வண்டியைப் போல எனக்குப் பயம் தருவது வேறு இல்லை. உடைந்து கிடந்தால் ஒட்டலாம்.

தவுக்கே வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். எஞ்சின் மாடியூலை மாற்று, கையெழுத்துப் போடு, அனுப்பு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பத்து ஒர்க்‌ஷாப்பில் எட்டு அதைத்தான் செய்யும். மாற்றிய பிறகும் கோளாறு உள்ளேயே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று நான் அவரிடம் கத்தினேன். உன் அக்கா வண்டி என்பதால் இப்படி ஆடுகிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு தடவையும் மழை. முதல் தடவையும் அன்று காலை மழை பெய்ததாக அத்தான் சொன்னார். ஆகவே தண்ணீர்தான் எங்கோ போகிறது. புதன்கிழமை ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கூரையில் அடித்தேன், கண்ணாடி விளிம்பில் அடித்தேன், கதவு ரப்பரில் அடித்தேன், வண்டிக்கு அடியில் படுத்து மேல்நோக்கி அடித்தேன். நான் நனைந்ததுதான் மிச்சம். ஸ்கோப்பில் கோடு அசையவில்லை.

அத்தானை அழைத்து, வண்டிக்குள் எப்போதாவது ஏதாவது கொட்டியதா என்று கேட்டேன். தண்ணி, மைலோ, பிள்ளைகள் வாந்தி, எதுவானாலும் சொல்லுங்கள் என்றேன். இல்லை என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். இல்லை என்று சொல்கிறேன்தானே என்று கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னார். அவர் எரிச்சல்படுகிற ஆளே இல்லை. அக்காவிடமும் கேட்டேன். "ஒண்ணும் கொட்டலை," என்றாள், கேட்டு முடிப்பதற்குள்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் பிள்ளைகள் எண்ணுகிற சத்தம். நான் அழித்த அந்தப் பதினான்கு வரிகளில் விடை இருந்திருக்கலாம் என்ற நினைப்பு விடவில்லை.

வியாழக்கிழமை மதியம் அக்கா தனியாக வந்தாள். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயில் மாறி, பஸ் ஏறி, கையில் எனக்குச் சாப்பாட்டோடு வந்திருந்தாள். நான் வேனுக்குப் பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை. ஸ்கேனர், ஒயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதெல்லாம் போட்டுப் பார்க்காத," என்றாள் கடைசியில். "கிடைக்காது. கோளாறு வண்டியில இல்ல. என்கிட்ட."

என்ன உளறுகிறாய் என்றேன்.

அப்போதுதான் சொன்னாள். தைப்பூசத்தன்று குடத்தை வீட்டு சாமி மாடத்திலேயே வைத்து, பால் ஊற்றி, வாயில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு போனாளாம். கோயிலில் போய் ஊற்றிக் கட்டலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள். அவளுக்குத் தன் வீட்டு முருகன் முன்னால் கட்ட வேண்டும் என்று ஆசை. வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து, குடத்தைக் கீழே இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். ஊர்வலம் கிளம்பும் சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் குடம் சாய்ந்துவிட்டது. பாதிக்கு மேல் பால் கீழே போய்விட்டது. கோயிலுக்கு அருகே ஒரு கடையில் பாக்கெட் பால் வாங்கி ஊற்றி நிரப்பி, பழைய துணியையே திரும்பக் கட்டிக்கொண்டு நடந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

"வேண்டுதல் அங்கேயே முடிஞ்சு போச்சு," என்றாள். "கடைப்பாலத் தூக்கிட்டுப் போயி அவரு உசுரு கேட்டேன். சாமி ஏமாறுமா? அதான் வண்டிய நிறுத்திக் காட்டுது. அவர இனிமே ஓட்ட வேணாம்னு நீயே சொல்லிரு. கையெழுத்துப் போடாத."

கிட்டத்தட்ட இரண்டு மாதமாக அவள் ஒவ்வொரு நாளும் அந்த வேனில் ஏறி, பக்கத்தில் இருக்கும் புருஷன் எந்த நிமிடம் செத்துவிழுவானோ என்று பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். இதைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ சோற்றுக் கையோடு எழுந்து, "எங்க கொட்டுச்சு? எந்த இடம்? காட்டு," என்றேன். அடிபட்டவளைப் போல என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்: எனக்கு சந்தோஷமாக இருந்தது.

அந்த ரக வேனில் முன் சீட்டுக்குக் கீழே, தரைவிரிப்புக்கு அடியில், அந்த இரண்டு ஒயரும் எல்லாத் திசைக்கும் பிரிகிற இணைப்பு ஒன்று இருக்கிறது. சீட்டைக் கழற்றினேன். சீட்டுக்கு அடியில் காய்ந்த பாண்டான் வாசனை இலைக் கட்டு இரண்டு. கரப்பான் வராமல் இருக்க டாக்சிக்காரர்கள் போடுகிற மாதிரி என்று நினைத்து நான் ஏற்கெனவே அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருந்தேன். நாற்றம் தெரியாமல் இருக்க அவள் வாரா வாரம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். விரிப்பை மேலே தட்டிப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. கத்தியால் கீறித் தூக்கியதும் புளித்த வாடை குப்பென்று ஏறியது. அடியில் இருந்த பஞ்சு மஞ்சளாகக் கட்டியாகிக் கிடந்தது. இணைப்பைத் திறந்தேன். உள்ளே ஊசிகள் எல்லாம் பச்சை பூத்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

பால் காய்ந்தால் சும்மா இருக்கும். ஈரம் பட்டால் அந்தப் பச்சை வழியாக ஒரு ஒயரின் மின்சாரம் இன்னொரு ஒயருக்குக் கசியும். அவ்வளவுதான், அத்தனை பெட்டியும் ஒரே நேரத்தில் ஊமை. ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மழை நாளில் பிள்ளைகளின் நனைந்த குடைகளை எல்லாம் வாங்கி, சீட்டு நனையாமல் இருக்க, அந்த இடத்தில்தான் போடுவேன் என்றாள் அக்கா. பதினோரு குடை. நான் கூரையில் ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பச்சை பூத்த பகுதியை முழுக்க வெட்டி எறிந்தேன். புது ஒயர், புது இணைப்பு, அதை இருக்கையின் பக்கச் சட்டத்தில் உயரத்தில் கட்டினேன். விரிப்பைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். தரையில் வாளித் தண்ணீர் ஊற்றி, ஸ்கோப்பை மாட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு ஓட்டிப் பார்த்தேன், நிறுத்தினேன், மறுபடியும் ஊற்றினேன். கோடுகள் ஒழுங்காக ஓடின. கடிதத்தை அச்சிட்டு மேசையில் வைத்தேன்.

அக்கா அதுவரை போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பார், சாமியும் இல்லை பூதமும் இல்லை, வெறும் பால், துருப்பிடித்த ஊசி என்று சொன்னேன். அவள் நிம்மதியாவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப பால்தான," என்றாள். "நான் கொட்டின பால்தான பதினோரு பிள்ளைங்களையும் ரோட்டுல நிறுத்துச்சு."

எனக்கு எரிச்சல் வந்தது. இவளிடம் எதைச் சொன்னாலும் அங்கேயே போய் நிற்கிறாள். நீ கொட்டவில்லை, தானாகச் சாய்ந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. துணி கட்டிய குடம். இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிய குடம். அது எப்படித் தானாகச் சாயும்?

கேட்டேன். அத்தான் திடீரென்று பிரேக் போட்டார் என்றாள். ஏன் என்று கேட்டேன். பூனை குறுக்கே ஓடியது என்றாராம். நீ பார்த்தாயா என்றேன்.

"இல்ல," என்றாள். "ரோட்டுல ஒண்ணுமே இல்ல."

பால் கொட்டியதை யாரிடமும் சொல்லாதே, நல்லதுக்கில்லை என்று அவளைத் தடுத்ததும் அவர்தானாம். நான் கேட்டபோது அவரும் இல்லை என்று சொன்னாரே, அது தனக்காகச் சொன்ன பொய் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் வண்டி வாங்கிய மனிதர். கறுப்புப் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுவார். அவர் எப்போது நல்லது கெட்டது பார்க்க ஆரம்பித்தார்?

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விரைவுச்சாலையில் வண்டி நின்றபோது வந்த பயம் பெரிது என்று நினைத்திருந்தேன். இதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

ஆறு மணிக்கு அத்தான் வேனை எடுத்துப் போக வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். சரியாகிவிட்டது என்று அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தாள், வேறு எதுவும் சொல்லவில்லை. வெட்டி எடுத்த இணைப்பை அவரிடம் காட்டினேன். பச்சையைத் தடவிப் பார்த்துவிட்டு, தண்ணியா என்று கேட்டார். பால் என்றேன். அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேராகக் கேட்டால் பூனை என்பார். அவரை எனக்குத் தெரியும். அதனால் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை முதலில் நான் சொன்னேன்.

"அத்தான், முதல் தடவை நீங்க கொண்டாந்தப்பவே இது தெரிஞ்சிருக்கும். நான் படிக்காமயே எல்லாத்தையும் அழிச்சுட்டேன். அக்கா பயந்துட்டு நின்னுச்சு, அதனால ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா என்னாலதான்."

சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் நான் அழுததே இல்லை. அத்தான் பதறிப்போய், பரவாயில்லை, விடு லா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார். பிறகு நான் கேட்டேன், தைப்பூசத்தன்று காலையில் ஏன் பிரேக் போட்டீர்கள் என்று.

அவர் வேனின் படியில் உட்கார்ந்தார். அந்த இணைப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு இருட்டுச்சு," என்றார். "ரெண்டு செகண்டு இருக்கும். பயந்துட்டு மிதிச்சுட்டேன்."

அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று அக்கா கேட்டாள். மூன்று என்றார். ஒருமுறை படி ஏறும்போது. இரண்டு முறை வண்டியில். பிள்ளைகள் இருந்தார்களா என்று அவள் கேட்கவில்லை. அவரே ஆமாம் என்று தலையை ஆட்டினார். டாக்டரிடம் சொன்னால் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள், வீட்டில் சும்மா கிடந்தால் செத்தே போய்விடுவேன் என்று நினைத்தாராம்.

"பிகேஇல வண்டி நின்னுச்சே," என்றார் என்னைப் பார்த்து. "டேஷ்போர்டு அப்படியே இருட்டாச்சு. நான்தான் போயிட்டேன்னு நினைச்சேன். அப்புறம் பிள்ளைங்க எண்ணுற சத்தம் கேட்டுச்சு. அப்பதான் தெரிஞ்சுது, நிக்கறது வண்டின்னு. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

அக்கா எழுந்து வந்து அவர் பக்கத்தில், அதே படியில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டவில்லை, அழவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போல விரலை வைத்துக்கொண்டாள். அவளுக்கு நாடி பார்க்கத் தெரியாது.

நான் மேசைக்குப் போய்க் கடிதத்தை எடுத்தேன். வேன் பிள்ளைகளை ஏற்றத் தகுதியானது என்று இருந்தது. அது உண்மை. கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சி ஒன்றை அழைத்தேன். வேனின் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அத்தான் அதைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.